அடுப்பு இரண்டு, குடும்பம் எத்தனை?

கேள்வி: நான் கோவையில் பி.எஸ்ஸி. நர்சிங் முதல் வருடம் படிக்கிறேன். சொந்த ஊர் கோபி பக்கம். சோசியாலஜி பேப்பரில் குடும்பத்தின் வகைகளை உதாரணத்துடன் விளக்கச் சொல்லி ஒரு பெரிய கேள்வி வந்தது. கூட்டுக் குடும்பத்துக்கு எங்கள் வீட்டையே உதாரணமாக எழுதினேன். தோட்டத்தில் ஒரே வாசலில் எங்களுக்கு இரண்டு வீடு. ஒன்றில் அம்மா, தம்பி, நான். இன்னொன்றில் பெரியப்பா, பெரியம்மா, அண்ணன், அண்ணி. அப்பாவைப் பெற்ற ஆத்தா இரண்டு வீட்டிலும் இருப்பார். நான்கு வருடமாக அடுப்பு வேறு. விவசாயம் செய்யும் காடும் கிணறும் பொதுவில்தான் இருக்கின்றன. போன வருடம் அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்ததும் நான்தான். பரீட்சை முடிந்த ராத்திரி ஹாஸ்டல் ரூமில் ஆறு பேரும் பதில்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். "அடுப்பு வேறன்னா அது தனிக்குடும்பம், உனக்கு அந்தக் கேள்வி போச்சு" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "அப்பா வேற இல்லையே, அப்ப அது சிங்கிள் பேரன்ட். புத்தகத்துல புரோக்கன் ஃபேமிலின்னு போட்டிருக்கே" என்றாள். அப்பா எங்களை விட்டுப் போய் ஐந்து வருடம் ஆகிறது. ரூமில் அதுவரை இரண்டு பேருக்குத்தான் தெரியும். குடும்பத்தின் பணிகள் கேள்விக்கும் நான் எழுதியது மூன்று, மற்றவர்கள் நான்கு. அன்று தூங்கவே இல்லை, அடுத்த பேப்பரையும் கெடுத்துக்கொண்டேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. என் பதில் தப்பா? ரீவேல்யூவேஷன் போடலாமா? இனி அந்த ரூமில் எப்படி இருப்பது?

பதில்: அம்மிணி, என் வகுப்புப் பிள்ளைகளை இப்படித்தான் கூப்பிடுவேன், உன்னையும் அப்படியே கூப்பிடுகிறேன். 20 வருடத்துக்கு மேலாக நர்சிங் மாணவிகளுக்குச் சமூகவியல் சொல்லித் தருகிறேன். விடைத்தாள் திருத்த உட்கார்ந்த நாட்களும் நிறைய உண்டு. அதனால் முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் பதில் தப்பில்லை. ஆனால் முழு மார்க் கிடைக்குமா என்பது, அந்த உதாரணத்துக்கு மேலே நீ எந்த வரையறையை எழுதினாய் என்பதைப் பொறுத்தது.

உன் தோழி சொன்னது அவள் சொந்தமாகச் சொன்னதில்லை. இராவதி கார்வே என்ற மானிடவியலாளர் இந்திய உறவுமுறை பற்றி 1953-ல் வெளியிட்ட நூலில் கூட்டுக் குடும்பத்துக்கு ஒரு வரையறை கொடுத்தார். ஒரே கூரையின் கீழ் வசிப்பது, ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுவது, சொத்தைப் பொதுவில் வைத்திருப்பது, வழிபாட்டில் சேர்ந்து கலந்துகொள்வது, ஒருவருக்கொருவர் இன்ன உறவு என்று இருப்பது, இந்த ஐந்தும் அதில் வரும். நம் ஊர்க் கல்லூரி நோட்ஸ்களில் முதலில் வருவது பெரும்பாலும் இந்த வரையறைதான். இதை எழுதிவிட்டு உடனே கீழே "எங்கள் வீட்டில் அடுப்பு வேறு, ஆனாலும் கூட்டுக் குடும்பம்" என்று எழுதியிருந்தால், திருத்துபவர் பேனாவைக் கொஞ்சம் நிறுத்தத்தான் செய்வார். ஒன்று அல்லது இரண்டு மார்க் குறையலாம். இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் கார்வேயோடு பேச்சு முடிந்துவிடவில்லை. ஐ.பி. தேசாய் என்ற சமூகவியலாளர் குஜராத்தில் மஹுவா என்ற ஊரின் குடும்பங்களை ஆராய்ந்து 1964-ல் வெளியிட்டார். தனித்தனி வீட்டில் குடியிருப்பவர்கள் சொத்திலும் கடமையிலும் நல்லது கெட்டதிலும் சேர்ந்தே இருப்பதை அவர் பார்த்தார். கூரையையும் அடுப்பையும் மட்டும் எண்ணிவிட்டு கூட்டா, தனியா என்று முடிவு கட்டக்கூடாது, கூட்டு என்பதில் பல படிகள் உண்டு என்று வாதிட்டார். ஏ.எம். ஷா என்ற இன்னொரு சமூகவியலாளர் இன்னும் தெளிவாகப் பிரித்தார். ஒரு வீட்டில் சேர்ந்து வசிப்பவர்கள் வேறு, ஒரு குடும்பத்தார் வேறு, இரண்டையும் குழப்புவதால்தான் கூட்டுக் குடும்பம் அழிந்துவிட்டது என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம். இவர்கள் பக்கம் நின்று பார்த்தால் உன் பதில் சரி. உனக்கு அவர்கள் பெயர் தெரியாது, உன் வீடு தெரியும். அதை எழுதினாய்.

சரி, உன் வீட்டு வாசலுக்கு ஒவ்வொருவராக வந்து, இங்கே எத்தனை குடும்பம் என்று கேட்பதாக நினைத்துக்கொள்.

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வரும் டீச்சருக்குப் பொதுச் சமையலறைதான் அளவு. சேர்ந்து வசித்து ஒரே சமையலில் சாப்பிடுபவர்கள் ஒரு கணக்கு. ஆகவே அவர் இரண்டு என்று குறித்துக்கொள்வார், ஆத்தா வழக்கமாக எந்த வீட்டில் சாப்பிடுகிறார் என்று கேட்டு அவரை ஒரு பக்கம் சேர்ப்பார். ரேஷன் கார்டும் பெரும்பாலும் இரண்டாகத்தான் இருக்கும். அடுத்து நிலத்தைப் பார். காடு பொதுவில் இருக்கிறது என்கிறாய். பட்டா இன்னும் அப்பாரு (அப்பாவின் அப்பா) பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருக்கலாம், கிணற்று மோட்டாரின் கரண்ட் சர்வீஸும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அடுப்பு வேறானதை மட்டும் வைத்துப் பாகம் பிரிந்துவிட்டது என்று நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. அந்தக் கணக்கில் நீங்கள் இன்னும் ஒரே குடும்பம். பங்காளி என்ற சொல்லே பங்கு உள்ளவன் என்பதிலிருந்து வந்ததுதானே.

இந்த இடத்தில் பாடத்துக்கு வெளியே ஒன்று சொல்ல வேண்டும். 1989-ல் தமிழ்நாட்டில் கொண்டுவந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம், பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு என்றது. 2005-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது. அப்பா வீட்டில் இல்லை என்பதால் உன் உரிமையும் தம்பியின் உரிமையும் எங்கேயும் போய்விடாது. இதை நீயும் தெரிந்து வைத்துக்கொள், அம்மாவுக்கும் சொல்.

இன்னும் ஒருவர் பாக்கி, குலதெய்வக் கோயில் வரி வாங்க வருபவர். அவருக்கு நீங்கள் எல்லோரும் ஒரே அப்பாரின் வகையறா. அண்ணன் கல்யாண மேடையில் உன்னை நிறுத்தி இணைச்சீர் செய்தார்களே, அது யார் செய்வது? மாப்பிள்ளையின் பொறந்தவள் செய்வது. உன் அண்ணனுக்கு உடன்பிறந்த தங்கை இல்லாததால் அந்த இடத்துக்கு உன்னைத்தான் அழைத்தார்கள். ஊரையும் உறவையும் சாட்சியாக வைத்து, இவள் இவனுக்குத் தங்கை என்று சொன்ன நிகழ்ச்சி அது. நான்கு வருடத்துக்கு முன்பே அடுப்புப் பிரிந்த வீட்டில் போன வருடம் நடந்தது.

இங்கிலீஷில் எழுதும்போது இதெல்லாம் விடைத்தாளில் வராமலே போய்விடுகிறது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். கசின் என்று ஒரே சொல்லில் பெரியப்பா மகனும் அத்தை மகனும் அடங்கிவிடுகிறார்கள். நம் பக்கம் பெரியப்பா மகன் அண்ணன், அத்தை மகன் முறை மாப்பிள்ளை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! கார்வே இந்தியாவை உறவுமுறைப்படி நான்கு மண்டலமாகப் பிரித்து, தெற்கைத் தனியாக வைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிராண்ட்ஃபாதர் என்று எழுதினால் அப்பாரா, அம்மாவின் அப்பாவான அப்புச்சியா என்று தெரியாது. அப்பாரு வீட்டில் பங்கு, அப்புச்சி வீட்டில் சீர். அடுத்த தடவை விடைத்தாளில் இந்தச் சொற்களை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அரை வரி விளக்கம் கொடு. நான் திருத்தினால் சந்தோஷமாக மார்க் போடுவேன்.

இதையும் சேர்த்துச் சொல்கிறேன். 1960-களில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். நிலத்தை நம்பி வாழ்ந்த சாதிகளுக்கும், கைத்தொழிலையும் வியாபாரத்தையும் நம்பி வாழ்ந்த சாதிகளுக்கும் உறவுமுறையிலும் சடங்கிலும் இருந்த வித்தியாசங்களை அவர் எழுதினார். ஒரே கொங்கு நாட்டில், ஒரே கிராமத்தில், ஒரு இட்டேரியின் (வேலிகளுக்கு நடுவே போகும் மண் பாதையின்) இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடும்பம் என்பதற்கு வேறு வேறு வழக்கம். அப்படியிருக்க, ஹாஸ்டல் அறையில் ஆறு பிள்ளைகள் ஒரு நோட்ஸை விரித்து வைத்துக்கொண்டு உன் வீட்டை ஒரு பெட்டியில் போட்டு மூடிவிட முடியுமா?

குடும்பத்தின் பணிகள் கேள்விக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று என்று நீ எழுதியது அநேகமாக மெக்கைவர் என்ற சமூகவியலாளர் சொன்ன அத்தியாவசியப் பணிகள்: பாலியல் தேவை, பிள்ளைப்பேறும் வளர்ப்பும், தங்க ஒரு வீடு. கல்வி, பொருளாதாரம், சமயம், ஆரோக்கியம் போன்றவற்றை அவர் இரண்டாம் வரிசையில் வைத்தார். மற்றவர்கள் எழுதிய நான்கு மர்டாக் என்ற மானிடவியலாளர் சொன்னது. அவர் 250 சமூகங்களைப் பற்றிய தகவல்களை ஒப்பிட்டு 1949-ல் வெளியிட்டார்: பாலியல், பொருளாதாரம், இனப்பெருக்கம், கல்வி. பார்சன்ஸ் என்ற சமூகவியலாளரைப் படித்தவள் யாராவது இருந்தால் இரண்டுதான் என்று எழுதியிருப்பாள். மூன்றுக்கும் மார்க் உண்டு. எண்ணிக்கையை ஒப்பிட்டால் யாரோ ஒருத்தி அழுவாள், அவ்வளவுதான்.

இனி திருத்துகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எங்கள் கையில் கீ, அதாவது விடைக்குறிப்பு இருக்கும். அதில் வரையறைக்கு இவ்வளவு, வகைகளுக்கு இவ்வளவு, விளக்கத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கும். உதாரணத்துக்கு இருப்பது சிறு பங்குதான். ஒரு உதாரணத்தால் ஒரு பெரிய கேள்வி முழுவதும் போனதை நான் பார்த்ததே இல்லை. தாய்வழி, தந்தைவழி, தனி, கூட்டு என்று வகைகளை எழுதி இரண்டிரண்டு வரி விளக்கியிருந்தால் அந்த மார்க்கை யாரும் எடுக்கமாட்டார்கள். உதாரணத்துக்கு ஏன் என்று காரணம் எழுதியிருந்தால் அதற்கும் கிடைக்கும். காடும் கிணறும் பொது, சீர்களில் ஒன்றாக நிற்கிறோம் என்று உன் கடிதத்தில் எழுதியதைப் போலவே தாளிலும் எழுதினாயா? எழுதியிருந்தால் பயப்படாதே.

ரீவேல்யூவேஷன் பற்றி இப்போது யோசிக்காதே. ரிசல்ட் வரட்டும். மார்க் நீ எதிர்பார்த்ததை விட ரொம்பக் குறைந்திருந்தால், மறுகூட்டலோ வேறு வழியோ என்ன இருக்கிறது, கடைசி நாள் எது, கட்டணம் எவ்வளவு என்று கல்லூரி அலுவலகத்தில் அன்றைக்கே கேட்டுவிடு. கொடுக்கும் நாட்கள் குறைவாகத்தான் இருக்கும். தோழி சொன்னதை நம்பி அம்மாவிடம் பணம் கேட்காதே, மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டுக் கேள்.

பதிலை ஒப்பிட்டுப் பார்ப்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். உண்மையில் எனக்கு அது பிடிக்கும். பரீட்சை ஹாலை விட்டு வெளியே வரும் பிள்ளைகள் மர்டாக்கைப் பற்றிச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு போவதைப் பார்த்தால், வருடம் முழுவதும் நான் பேசியது எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது என்று மனம் நிறையும். கஷ்டம் அதன் நேரத்தில்தான் இருக்கிறது. எழுதி முடித்த அன்று நம் நினைவு நம் பக்கம் இருப்பதில்லை. எழுதியது மங்கிவிடும், விட்டது மட்டும் பெரிதாகத் தெரியும். அந்த நேரத்தில் யார் உறுதியான குரலில் பேசுகிறாளோ அவள் சொல்வதே கீ ஆகிவிடும். நான் படித்த காலத்தில் ஒரு பரீட்சை முடிந்த மாலை, நான்கு பேர் சொன்னதை நம்பி, சரியாக எழுதிய பதிலைத் தப்பென்று நினைத்து இரவெல்லாம் விழித்திருந்தேன். மறுநாள் பேப்பரில்தான் உண்மையாகவே மார்க் போனது. உனக்கும் அதேதான் நடந்திருக்கிறது. அதனால்தான் இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கடைசிப் பேப்பர் முடியும் வரை ரூமில் பதில் பேச்சு வேண்டாம் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்யுங்கள். யாராவது ஆரம்பித்தால் நீ தண்ணீர் பிடிக்கப் போய்விடு, குளிக்கப் போ, அம்மாவுக்குப் போன் போடு. மனது கேட்கவில்லை என்றால், மற்றவர்கள் சொல்வதைக் காதில் வாங்கும் முன் கொஸ்டின் பேப்பரின் ஓரத்திலேயே நீ எழுதியதை மூன்று வரியில் குறித்து வை. எல்லாப் பரீட்சையும் முடிந்த பிறகு, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து வேண்டிய மட்டும் சண்டை போடுங்கள். அந்தச் சண்டையில் படிப்பது மறக்காது.

நர்ஸ் ஆகப் போகிறவளுக்குச் சமூகவியல் எதற்கு என்று ஒவ்வொரு வருடமும் முதல் நாளே கேட்பார்கள். உன் வீட்டையே அதற்குப் பதிலாகச் சொல்லலாம். நாளைக்கு வார்டில் தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா படுத்திருப்பார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், "யாருமில்லீங் கண்ணு, நான் ஒருத்திதான்" என்பார். நீயும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவாய். ஆனால் வாசலுக்கு அந்தப் பக்கம் கொழுந்தனார் குடும்பம் இருக்கும், மூன்று வேளையும் சோறு அங்கேயிருந்து வந்துகொண்டிருக்கும். அந்த அம்மாவுக்கு, அடுப்பு வேறு என்றால் குடும்பம் வேறு. ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். வீட்டுக்குப் போனால் சாப்பாடு யார் தருவார்கள்? கட்டுப் பிரிக்க யார் பஸ் ஏற்றிக் கூட்டிவருவார்கள்? ராத்திரி தலை சுற்றினால் யாரைக் கூப்பிடுவீர்கள்? கையெழுத்து யார் போடுவார்கள்? இதற்கு நேர்மாறாக, ஒரே வீட்டில் எட்டுப் பேர் இருந்தும் இன்சுலின் போட்டுவிட ஒருவரும் இல்லாத ஆட்களையும் பார்ப்பாய். படிவத்தில் ஜாயின்ட் என்று இருக்கும். உன் தோழிகள் எல்லோருக்கும் இது தெரிய வேண்டும், உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

கடைசியில் வைத்தாலும், உன் கடிதத்தில் என் மனதை உறுத்தியது அந்தப் புரோக்கன் ஃபேமிலி என்ற சொல்தான். பழைய புத்தகங்களில் அது இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. நான் வகுப்பில் அதைச் சொல்வதில்லை. ஒற்றைப் பெற்றோர் குடும்பம் என்று ஒரு வகை இருக்கிறது, அது போதும். உடைந்தது என்று சொல்வதற்கு உன் வீட்டில் எது உடைந்து கிடக்கிறது? ஒருவர் போய்விட்டார். உன் அம்மா காட்டையும் பார்த்து, இரண்டு பிள்ளைகளையும் பார்த்து, உன்னை நர்சிங் வரை கொண்டு வந்திருக்கிறார். பெரியப்பா வீடு அந்த வாசலிலேயே நிற்கிறது. ஆத்தா இரண்டு வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறார். மெக்கைவரும் மர்டாக்கும் சொன்ன பணிகளில் எது அங்கே நடக்காமல் இருக்கிறது?

இந்தப் பேப்பரில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அனாடமியில் பதிலை ஒப்பிட்டால் எலும்பின் பெயரை ஒப்பிடுவோம். குடும்பம் பற்றிய பேப்பரில் பதிலை ஒப்பிடும்போது, தெரியாமலே வீட்டையும் வீட்டையும் ஒப்பிட ஆரம்பித்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை உன்னைக் காயப்படுத்த நினைத்துச் சொல்லியிருக்கமாட்டாள் என்றே தோன்றுகிறது. மூன்று மணி நேரம் வகை பிரித்து எழுதிவிட்டு வந்தவள், எதிரே இருந்தவளையும் வகை பிரித்துவிட்டாள். ஆனால் நினைக்காமல் சொன்னாள் என்பதால் உனக்கு வலிக்கக்கூடாது என்று இல்லை. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததை ஆறு பேருக்கு முன் வைத்தது தப்புதான், அது அவளுக்குத் தெரிய வேண்டும்.

ஊரிலிருந்து ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் அவளைத் தனியாகக் கூப்பிடு. மற்ற நான்கு பேரைப் பஞ்சாயத்துக்குச் சேர்க்காதே, வாட்ஸ்அப்பிலும் எழுதாதே. மெஸ்ஸுக்கு நடந்து போகும்போதே சொல்லிவிடலாம். "நீ சொன்ன வகை புத்தகத்துல இருக்கறதுதான். ஆனா எங்கப்பா விஷயத்தை எல்லாரும் இருக்கற இடத்துல பேசினது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. இனி அதைப் பேசாத." இவ்வளவு போதும். அப்பா ஏன் போனார், எங்கே இருக்கிறார் என்பதையெல்லாம் விளக்க வேண்டிய கடமை உனக்கு இல்லை. அவள் மன்னிப்புக் கேட்டால் வாங்கிக்கொள். ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டால் அன்றைக்கு விட்டுவிடு, அந்த வயதில் மன்னிப்புக் கேட்க வார்த்தை சட்டென்று வராது. மறுபடியும் அதே பேச்சு வந்தால் வார்டனிடம் ரூம் மாற்றம் கேள், கூச்சப்படாதே.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறாய் என்று உன் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. பரீட்சையில் கூட்டுக் குடும்பத்துக்கு நம் வீட்டைத்தான் எழுதினேன் என்பதையாவது சொல்லிவிடு. பெரியம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது சொல்.